ஆடியோ வேலைக்கு எந்த ஒயர்? ஸ்பீக்கர் ஒயர் முதல் மெயின்ஸ் ஒயர் வரை ஒரு மதிப்பீடு

ஆம்ப்ளிஃபையரோ ஸ்பீக்கர் பெட்டியோ வீட்டிலேயே செய்கிறவர்கள் டிரான்சிஸ்டருக்கும் கெப்பாசிட்டருக்கும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட ஒயருக்குக் காட்டுவதில்லை. கையில் கிடைத்ததைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் விளம்பரத்தை நம்பி, நல்ல ஒரு ஸ்பீக்கர் டிரைவரின் விலையை ஒரு மீட்டர் ஒயருக்குக் கொடுக்கிறார்கள். இரண்டுமே வீண். ஒயரில் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் உலோகம், அதன் தடிமன், மேலே இருக்கும் இன்சுலேஷன் தாங்கும் வோல்டேஜும் சூடும். இவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டு மேசையிலேயே சோதித்துவிடலாம். அதனால் இங்கே பிராண்டு வாரியாக அல்லாமல் வகை வாரியாகவே மதிப்பிடுகிறேன்.

ஸ்பீக்கர் ஒயர்: செம்பா, செம்புப் பூச்சா

ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். சிசிஏ என்பது அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புத் தோல் போர்த்தியது. வெளியிலிருந்து பார்த்தால் அசல் செம்பு போலவே மினுங்கும். ஒரே தடிமனில் செம்பைவிட இதன் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எடையோ பாதிக்கும் குறைவு.

எடையே முதல் சோதனை. 2.5 சதுர மி.மீ. என்று போட்டிருக்கும் ஒயரில் ஒரு கோரை ஒரு மீட்டர் நீளத்துக்கு உரித்து, வெறும் கம்பியை மட்டும் தராசில் வையுங்கள். செம்பு என்றால் 22 கிராம் சுமாருக்கு வர வேண்டும். 8, 9 கிராம்தான் வருகிறதென்றால் அது சிசிஏ. இடைப்பட்ட எடை வந்தால் செம்புதான், ஆனால் சொன்ன தடிமன் இல்லை. இதுவும் அடிக்கடி நடக்கிறது: தடித்த பிவிசி உறைக்குள் ஒல்லியான கம்பி.

அடுத்தது பிளேடு. ஓர் இழையை எடுத்துச் சுரண்டுங்கள். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் சிசிஏ. வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, நல்ல சரக்கு. வெள்ளையாகத் தெரிகிறது என்பதற்காக இதை அலுமினியம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு; அதைத் தொடவே வேண்டாம்.

துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் ரெசிஸ்டன்ஸை அளக்கலாம். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்ச் இதற்கு உதவாது. அதன் புரோப் ஒயரின் ரெசிஸ்டன்ஸே நாம் அளக்கப்போவதைவிடப் பெரியது. கரண்ட் லிமிட் வைக்கக்கூடிய பவர் சப்ளையிலிருந்து ஒயர் வழியாகச் சரியாக 1 ஆம்பியர் விடுங்கள். கரண்ட் கிளிப்புகளுக்கு உட்பக்கமாக ஒரு மீட்டர் இடைவெளியில் மில்லிவோல்ட் பாருங்கள். 1.5 சதுர மி.மீ. செம்பு 11.5 மில்லிவோல்ட் காட்டும். சிசிஏ 17, 18 என்று போகும். கிளிப்பின் மேலேயே புரோப்பை வைத்தால் கிளிப்பின் தொடுகை ரெசிஸ்டன்ஸும் சேர்ந்துவிடும், அளவு தப்பாகும்.

சிசிஏவை அடியோடு தள்ள வேண்டுமா? ஸ்பீக்கருக்கு மட்டும், இரண்டு கேஜ் (ஒயர் தடிமனின் படி; எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்) தடிமன் கூட்டிப் போட்டால் வேலை செய்யும். ஆனால் செம்புத் தோல் கீறிய இடத்தில் சால்டர் பிடிக்காது, ஈரம் பட்டால் அரிக்கும், நாலு முறை மடக்கினால் இழை முறியும், ஸ்க்ரூ டெர்மினலில் நாளடைவில் தளரும். மெயின்ஸ் கரண்ட் போகும் எந்த இடத்திலும் இது கூடாது. தளர்ந்த தொடுகை சூடாகித் தீப்பிடிக்க வழி செய்யும்.

தடிமனைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது. ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கருக்கு உள்ள ஒருவழி நீளத்தை மீட்டரில் எடுத்து 0.035-ஆல் பெருக்குங்கள். அதைச் சதுர மி.மீ. அளவால் வகுத்தால் போகவர உள்ள மொத்த ரெசிஸ்டன்ஸ் ஓமில் கிடைக்கும். இது ஸ்பீக்கரின் இம்பீடன்ஸில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்: 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 4 ஓமுக்கு 0.2 ஓம். 5 மீட்டர் தூரத்துக்கு 0.75 சதுர மி.மீ. போட்டால் 0.23 ஓம். 8 ஓமுக்கு இது போதும். 4 ஓமுக்குப் போதாது. 10 மீட்டருக்கு 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2.5 சதுர மி.மீ. வேண்டும். 5 சதவீதம் என்பது 0.4 டெசிபல் இழப்புதான், காதுக்குத் தெரியாதே என்று தோன்றலாம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் எல்லா ஃபிரீக்வென்சியிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஓரிடத்தில் 3 ஓமுக்கு இறங்கும், இன்னோரிடத்தில் 30-க்கு ஏறும். மெல்லிய ஒயர் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே ஒலியளவில் கொண்டுவந்துவிடும். உண்மையில் காதில் விழும் மாற்றம் இதுதான்.

ஓஎஃப்சி, அதாவது ஆக்சிஜன் நீக்கிய செம்பு, என்று எழுதியிருந்தால் கூடுதல் பணம் கொடுக்கலாமா? அசல் செம்பு என்பதற்கு உத்தரவாதமாக இருந்தால் கொடுக்கலாம். ஒலிக்காக வேண்டாம். சாதாரண மின்செம்புக்கும் ஓஎஃப்சிக்கும் மின்கடத்தலில் வித்தியாசம் ஒரு சதவீத அளவுதான். வெள்ளிகூடச் செம்பைவிட 5, 6 சதவீதம்தான் மேல். ஒரு படி தடித்த செம்பு ஒயர் அதைவிட அதிகம் தரும்.

உள்ளே கம்பி தெரியும் கண்ணாடி போன்ற பிவிசி ஒயர் அழகாக இருக்கும். சில ஆண்டுகளில் செம்பு பச்சை பிடிக்க வாய்ப்பு அதிகம். பச்சை ஏறிய முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். பச்சையின் மேல் சால்டர் ஒட்டாது. நிரந்தரமாகச் சுவரோரம் ஓடும் ஒயருக்கு நிறமுள்ள உறை அல்லது வெள்ளீயம் பூசிய கம்பியே மேல்.

இணைக்கும்போது ஓர் இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து டெர்மினலைத் தொட்டால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். முனையில் ஃபெரூல் (இழைகளை ஒன்றாகப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) அழுத்துங்கள் அல்லது பனானா பிளக் போடுங்கள். கிளாஸ் டி போர்டுகள் பலவற்றில் பிரிட்ஜ் அவுட்புட், அதாவது ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சிக்னல். அங்கே மைனஸ் டெர்மினலும் கிரவுண்ட் அல்ல. இரண்டு சேனலின் மைனஸையும் ஒரே ஒயரில் சேர்த்து மிச்சம் பிடித்தால் போர்டு முதல் நொடியிலேயே போகும்.

பெட்டிக்குள் ஓடும் ஒயர்

பிவிசி ஹுக்அப் ஒயர், யுஎல் (அமெரிக்கப் பாதுகாப்புச் சான்று) 1007 வகை, 300 வோல்ட், 80 டிகிரி. டிரான்சிஸ்டர் ஆம்புக்கும் ஐசி போர்டுக்கும் இதுவே போதும். யுஎல் 1015 சற்றுத் தடித்த உறை, 600 வோல்ட், 105 டிகிரி. இந்த எண்கள் ஒயரின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். எதுவுமே அச்சிடாத ரோலை 12 வோல்ட் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிவிசியின் குறை, சால்டரிங் அயர்ன் சூட்டில் உறை பின்வாங்குவது. 3 மி.மீ. சீவிய இடத்தில் 6 மி.மீ. வெறும் கம்பி தெரியும். மலிவான சரக்கில் இது இன்னும் மோசம். முனையை நன்றாகத் திருகி, அயர்னை இரண்டு நொடிக்கு மேல் வைக்காமல் முடித்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

சிலிக்கான் ஒயர் 200 டிகிரி தாங்கும். நூல் போல வளையும், அயர்ன் பட்டாலும் உருகாது. பேட்டரி ஸ்பீக்கர்களுக்கும் அடிக்கடி அசையும் இடங்களுக்கும் இது அருமை. ஆனால் உறை மென்மையானது. தகட்டின் கூர்மையான ஓரத்தில் உரசினால் கிழிந்துவிடும். சேஸிஸ் துளை வழியாகப் போகிறதென்றால் ரப்பர் குரோமெட் (துளையின் ஓரத்தை மூடும் வளையம்) இல்லாமல் போடக் கூடாது.

டெஃப்லான் ஒயர்தான் பெட்டிக்குள் என் முதல் தேர்வு. வெள்ளி பூசிய செம்புக் கம்பியுடன் 200 டிகிரி, 600 வோல்ட் ரகம் எளிதில் கிடைக்கும். உறை மெல்லியது, சூட்டில் கொஞ்சமும் சுருங்காது, நெருக்கமான டர்ரெட் போர்டில் (சிறு உலோகத் தூண்களில் பாகங்களைச் சால்டர் செய்யும் பலகை) சுத்தமாக உட்காரும். உரிப்பதுதான் சிரமம்: வழுக்கும், சாதாரண ஸ்ட்ரிப்பர் பிடிக்காது. பிளேடைச் சுற்றிலும் மெதுவாக உருட்டி, பிறகு இழுக்க வேண்டும். லைட்டரால் எரித்து உரிப்பதை அறவே விடுங்கள். டெஃப்லான் 350 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் நெஞ்சு இறுக்கமும் வரும். வீட்டில் கிளி, லவ் பேர்ட்ஸ் வளர்த்தால் அந்தப் புகை அவற்றைக் கொன்றுவிடும். பிவிசியை எரித்தாலும் ஹைட்ரஜன் குளோரைடு வரும்; அதுவும் நுரையீரலுக்கும் போர்டுக்கும் கேடு.

பருத்தித் துணி சுற்றிய ஒயர் வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) ஆம்புக்கு அழகு. உறையைப் பின்னுக்குத் தள்ளினால் போதும், சீவ வேண்டியதில்லை. புதிதாக வருவதை வாங்கலாம். பழைய ரேடியோவிலிருந்து பிரித்த ரப்பர், துணி ஒயரைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். ரப்பர் உலர்ந்து நொறுங்கும். சூடான இடங்களில் போட்ட சில பழைய உறைகளில் ஆஸ்பெஸ்டாஸும் இருந்திருக்கிறது.

சிக்னலுக்கு 0.2 சதுர மி.மீ., அதாவது 24 கேஜ். பவர் சப்ளைக்கு 0.5 முதல் 0.75. ஸ்பீக்கர் அவுட்புட்டுக்கு 0.75 முதல் 1.0. அசையாத இடத்தில் சிங்கிள் கோர் வளைத்தபடி நிற்கும், அடையாளம் காண எளிது. மூடி, முன்பக்கப் பேனல், டிரைவர் என்று அசையும் எதற்கும் பல இழை ஒயர்தான்.

ஷீல்டு ஒயர்

சுருளாகச் சுற்றிய ஷீல்டு உரிக்க எளிது; வளைத்தால் இடைவெளி விழும். பின்னல் ஷீல்டு அடர்த்தியாக இருந்தால் அதுவே சிறந்தது. அலுமினிய ஃபாயில் முழுமையாக மூடும், ஆனால் திரும்பத் திரும்ப வளைக்கத் தாங்காது. அதனால் பெட்டிக்குள் நிலையாக இருக்கும் இடத்துக்கு மட்டும் சரி.

இந்த வகையில் கவனிக்க வேண்டிய எண் கெப்பாசிட்டன்ஸ். ஆர்ஜி-174 என்ற மெல்லிய கோஆக்சியல் ஒயர் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவு. 100 கிலோஓம் வால்யூம் பாட் (ஒலியளவைத் திருகும் மாறு ரெசிஸ்டர்) நடுவில், 6 டெசிபல் குறைத்த நிலையில், 25 கிலோஓம் சோர்ஸ் போல நடந்துகொள்ளும். அதன் பின்னால் 3 மீட்டர் ஒயர், 300 பிகோஃபாரட் போட்டால் 21 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் விழுந்துவிடும். ட்ரெபிள் மங்கலாகிவிட்டது என்று ஆம்பைக் குறை சொல்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாட்டை 10 கிலோஓமாக மாற்றினால் அதே ஒயர் 200 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும். முன்னால் இருக்கும் கருவி அந்த லோடைத் தாங்குமா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். ரெக்கார்டு பிளேயரின் எம்எம் (அசையும் காந்த வகை) கார்ட்ரிட்ஜுக்கு ஒயரின் கெப்பாசிட்டன்ஸும் ஃபோனோ இன்புட்டின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்தே கணக்கு. அங்கே ஒயர் ஒரு மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

பெட்டிக்குள் இரண்டு கோர் உள்ள ஷீல்டு ஒயர் போட்டால் சிக்னலும் அதன் கிரவுண்டும் கோர்களில் போகட்டும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கட்டி, மறுமுனையை வெட்டி ஸ்லீவ் போட்டு மூடுங்கள். இரண்டு முனையும் கட்டினால் கிரவுண்ட் லூப் உருவாகி ஹம் என்ற உறுமல் சத்தம் வர இடமுண்டு.

காயில் சுற்றும் எனாமல் கம்பி

கிராஸ்ஓவர் (ஒலியை டிரைவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்) காயிலுக்குத் தடித்த கம்பியே வாங்குங்கள். 1 மில்லிஹென்றி ஏர் கோர் காயிலை 1 மி.மீ. கம்பியில் சுற்றினால் டிசி ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.4 ஓம். 0.5 மி.மீ. கம்பியில் சுற்றினால் ஓர் ஓமையும் தாண்டிவிடும். மேலே ஸ்பீக்கர் ஒயரில் பத்து மீட்டருக்குச் சேமித்ததெல்லாம் இங்கே ஒரு காயிலில் போய்விடும். பாலியூரிதேன் பூச்சுள்ள 155 டிகிரி வகைக்கு 390 டிகிரி அயர்னும் புதிய சால்டர் துளியும் போதும், பூச்சு தானாகக் கரையும். அந்தப் புகையில் ஐசோசயனேட் இருக்கும். ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது, ஃபேன் வைத்து வெளியே தள்ளுங்கள். 200 டிகிரி வகையின் பூச்சு கரையாது. கத்தியாலோ எமரி தாளாலோ சுற்றிலும் சுரண்டி, செம்பு முழுவதும் தெரிந்த பிறகே சால்டர். பாதி சுரண்டிய முனைதான் விட்டு விட்டு ஒலிக்கும் ஸ்பீக்கருக்குக் காரணம்.

உரிப்பதும் சால்டர் வைப்பதும்

ஸ்ட்ரிப்பரின் துளை சின்னதாகப் போனால் இழைகள் அறுபடும். ஏழு இழையில் இரண்டு போனால் தடிமன் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போனதாகக் கணக்கு. மீதியும் அதே இடத்தில் முறியும். வெட்டிவிட்டுத் திரும்பச் சீவுங்கள். சிங்கிள் கோரில் சிறு கீறல்கூட ஆபத்து. வளைத்ததும் அங்கேதான் ஒடியும்.

கம்பியை முதலில் டேக் துளையில் கொக்கிபோல் மாட்டி இறுக்குங்கள். பிடிப்பை அந்தக் கொக்கி தர வேண்டும், தொடுகையை மூடிக் காப்பதுதான் சால்டரின் வேலை. 60/40 (வெள்ளீயம், ஈயம்) சால்டருக்கு அயர்ன் 330 முதல் 350 டிகிரி, ஈயமில்லாததற்கு 360 முதல் 380. அதிக நேரம் வைத்தால் சால்டர் இழைகளுக்குள் ஏறி உறைக்குள்ளும் போய்விடும். அந்த விறைத்த பகுதி முடியும் இடத்தில், வெளியே தெரியாமல், ஒயர் முறியும். ஈயம் கலந்த சால்டரைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். வெட்டிய கம்பித் துண்டு கண்ணுக்குத் தெறிக்கும். கண்ணாடி போடுவது நல்லது.

மெயின்ஸும் ஹை வோல்டேஜும்

இங்கே சிக்கனம் கூடாது. பெட்டிக்குள் மெயின்ஸுக்கு 0.75 சதுர மி.மீ., 600 வோல்ட் ஒயர், எர்த்துக்கு 1.5. இன்லெட்டில் நுழைந்ததும் லைவ் முதலில் ஃபியூஸுக்குப் போகட்டும், பிறகு ஸ்விட்ச். ஒவ்வொரு டெர்மினலுக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் வேண்டும். சால்டர் விட்டுப்போனாலும் ஒயர் அவிழ்ந்து சேஸிஸைத் தொடாதபடி பக்கத்து ஒயருடன் சேர்த்து டை கட்டுங்கள். ஐஇசி நிறமுறையில் பிரவுன் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். பழைய கட்டடங்களிலும் வேறு சில நாடுகளிலும் நிறம் மாறும். நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். பச்சை மஞ்சள் ஒயரை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

எர்த் ஒயரின் ரிங் டேக்கைச் சேஸிஸில் தனி போல்ட்டில் கட்ட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டில் கட்டாதீர்கள். பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். மூன்று ஒயரில் எர்த்தை மட்டும் சற்று நீளமாக விடுங்கள். கார்டை யாராவது இழுத்துப் பிடுங்கினால் அது கடைசியாகத்தான் கழலும். ஸ்க்ரூ டெர்மினலுக்குப் போகும் இழை ஒயரின் முனையில் சால்டர் பூசக் கூடாது. சால்டர் மென்மையானது, அழுத்தத்தில் மெல்ல நெகிழும். சில மாதங்களில் ஸ்க்ரூ தளர்ந்து சூடேறும். ஃபெரூல்தான் சரியான வழி.

வால்வு ஆம்பில் 300 முதல் 450 வோல்ட் டிசி இருக்கும்; 300 வோல்ட் பிவிசி அங்கே வேண்டாம். ஹீட்டருக்கு (வால்வைச் சூடாக்கும் இழைக்கு) இஎல்34, இசிசி83 வகை வால்வுகள் இரண்டிரண்டு என்றால் 6.3 வோல்ட்டில் 3.6 ஆம்பியர். 0.75 சதுர மி.மீ. ஒயரை இறுக்க முறுக்கி, செ.மீ.க்கு ஒரு முறுக்கு வரும்படி, சேஸிஸ் மூலையோடு ஒட்டி ஓட்டுங்கள். கிரிட் (வால்வின் சிக்னல் இன்புட்) ஒயரைக் குறுக்காக வெட்டிச் செல்ல வேண்டுமென்றால் செங்குத்தாக வெட்டட்டும்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் 450 வோல்ட்டில் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குள் 10 ஜூல் காத்திருக்கும். உயிருக்கே ஆபத்தான அளவு. 220 கிலோஓம், 2 வாட், 500 வோல்ட் தாங்கும் ரெசிஸ்டரை நிரந்தரமாக அதன் குறுக்கே போடுங்கள். வடிய இரண்டு நிமிடமாகும். அதன் பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே கை வைக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து வடிப்பது கெப்பாசிட்டரையும் கண்ணையும் ஒருசேரக் கெடுக்கும்.

ஒரு ஸ்டீரியோ ஆம்புக்கு வாங்க வேண்டிய அளவு: 0.5 சதுர மி.மீ. ஒயர் சிவப்பு, கறுப்பு, நீலம், மஞ்சள் ஒவ்வொன்றும் 3 மீட்டர். 24 கேஜ் டெஃப்லான் 2 மீட்டர். ஷீல்டு ஒயர் 2 மீட்டர். மெயின்ஸ் ஒயர் நிறத்துக்கு 1 மீட்டர். ஸ்லீவ் 3, 5, 8 மி.மீ. அளவுகளில். எர்த்துக்குப் பச்சை மஞ்சள் அரை மீட்டர் போதும்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும் முன், பிளக்கின் எர்த் பின்னிலிருந்து சேஸிஸ் வரை அளந்து பாருங்கள். 0.1 ஓமுக்கு மேல் காட்டினால் மீட்டர் லீடின் அளவைக் கழித்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். அப்போதும் கூடினால் போல்ட்டைத் திறக்க வேண்டியதுதான். ஸ்விட்சை ஆன் நிலையில் வைத்து, லைவ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் சேஸிஸுக்குத் தொடர்பே காட்டக் கூடாது. பிறகு லைவ் ஒயரில் தொடராக 60 வாட் பல்பு ஒன்றைப் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிட்டு ஒயர் ஒயராகத் தேடுங்கள். பழைய இழை பல்புதான் இதற்கு ஆகும், எல்இடி பல்பு கரண்டைக் கட்டுப்படுத்தாது.